புளியங்கொட்டையும் ஒரு பஸ் டிக்கெட்டும்

சென்னையில் புளியங்கொட்டை வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடைக்கு வருகிற புளியெல்லாம் கொட்டை எடுத்து பாக்கெட் போட்டு வருகிறது, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அரைத்த பொடியை எடுத்து நீட்டுகிறார்கள். அதனால் மாசி, பங்குனியில் பெரியம்மா வீட்டில் புளி தட்டுகிற சமயமாகப் பார்த்து ஊருக்குப் போய் ஒரு மஞ்சள் பை நிறையக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வருஷம் பூராவும் அதுதான் எனக்கு. "இத வெச்சு அப்படி என்னதாண்டி பண்ணுற?" என்று பெரியம்மா கேட்பார். பாடம் நடத்துகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "கொட்டைய வெச்சு நடத்துறதுக்கா அவ்ளோ பெரிய காலேஜுல படிச்ச?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். மக்களை உட்கார வைத்து, அவர்களையே தங்கள் ஊரை ஆராய வைப்பது எப்படி என்பதுதான் பாடம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இதே துறை என்று தெரியும், அதனால் பி.ஆர்.ஏ. என்கிற இந்தப் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறையை அ, ஆவிலிருந்து ஓதப் போவதில்லை. சமூக வரைபடம், ஊரைக் குறுக்கே நடந்து பார்ப்பது, பருவ நாட்காட்டி, காகிதத்தைச் சப்பாத்தி சப்பாத்தியாக வெட்டி வைத்து எந்த அலுவலகம் யாருக்குக் கிட்டே, யாருக்கு எட்ட என்று காட்டச் சொல்வது, அப்புறம் புளியங்கொட்டை போட்டு பிரச்சினைகளை வரிசைப்படுத்துவது. மூன்று நாள். முதல் நாள் கூடத்தில், இரண்டாம் நாள் களத்தில், மூன்றாம் நாள் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டி, குரூப் போட்டோ, சான்றிதழ். பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன். 2023இல் நடந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு அதே மாதிரி செய்ய முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, செய்யும்போது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இந்த முறையை நான் ஏன் நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ வேலையை வெறுத்துப்போய் எழுதுகிற மாதிரி ஆகிவிடும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களில் நானும் ஒருத்தி. படிப்பு முடித்த கையோடு போனேன், ஒன்றும் தெரியாது. ஒரு குப்பத்தில் கோயில் முன்னால் இருந்த மணலைக் கூட்டிப் பெருக்கி, பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து உங்கள் ஊரைப் போடுங்கள் என்றோம். முதலில் இரண்டு மூன்று பேர்தான் குனிந்தார்கள். அப்புறம் கோலத்துக்கே உரிய அந்த வேகம் வந்துவிட்டது. வீடு வெள்ளைப் பொடி, இடிந்த வீடு செங்கல் தூள், அடிபம்புக்கு ஒரு கிளிஞ்சல். முடிக்கிற நேரத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு வயசான அம்மா, "அந்த மூணு வூட்ட வுட்டுட்டீங்களேடி" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, அண்ணன் தம்பி வீடுகளின் முதுகில் மூன்று சின்னப் புள்ளிகள் வைத்தார். மூன்றும் தனியாக இருந்த பெண்கள். அவர்களுக்கென்று தனியாக ரேஷன் கார்டு இல்லை, கார்டு இல்லாததால் நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை, எங்கள் கையில் இருந்த கணக்கெடுப்புப் படிவத்திலும் இல்லை. அந்த மூன்று புள்ளியைப் பார்த்த அன்றைக்கு நான் இந்த மதத்தில் சேர்ந்துவிட்டேன். மதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மதத்துக்கு ஒரு மூத்தவரும் உண்டு, ராபர்ட் சேம்பர்ஸ். 1970களின் தொடக்கத்தில் பசுமைப் புரட்சி ஆய்வுக்காக நம்ம வட ஆற்காட்டுக் கிராமங்களில் அலைந்தவர். வெளியிலிருந்து வருகிற நிபுணர்கள் தார்ச்சாலை ஓரத்து ஊரையே பார்க்கிறார்கள், மழை ஓய்ந்த மாதங்களில்தான் வருகிறார்கள், பேசத் தெரிந்த ஆண்களிடமே பேசுகிறார்கள், இது ஒரு வகைச் சுற்றுலா என்று 1983இலேயே எழுதிவிட்டார். 1980களின் கடைசியில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும் குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும் மக்களையே தரையில் வரையச் சொல்லிப் பார்த்தபோது அதைப் பக்கத்தில் இருந்து பார்த்து உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். குச்சியை அவர்கள் கையில் கொடு என்பது அவர் வாய்ப்பாடு. நான் பயிற்சியில் நிஜமாகவே ஒரு வேப்பங்குச்சி வைத்திருப்பேன். முதல் நாள் காலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசி, பேச்சின் நடுவில் சட்டென்று யார் கையிலாவது கொடுத்துவிடுவேன். நன்றாக எடுபடும். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நடிக்கத் தெரியாதவள்

நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏசி கூடம், இருபத்திரண்டு பேர். முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமல் இருக்க ஒரு நாடகம் வைப்பது வழக்கம்: இரண்டு பேர் களப்பணியாளர், பத்துப் பேர் மக்கள், மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். இதில் எப்போதும் நடக்கிற ஒன்று இருக்கிறது, நான் அதைப் பல வருஷம் கவனிக்கவே இல்லை. மக்களாக நடிக்கச் சொன்னதும் ஒருவர் துண்டை லுங்கி மாதிரி சுற்றிக்கொண்டு குடிகாரராக ஆடிக்கொண்டு வருவார். இரண்டு பெண்கள் குழாயடிச் சண்டை போடுவார்கள். ஒருவர் காது கேட்காத தாத்தா. கூடமே சிரிக்கும். வருஷக்கணக்கில் அதே மக்களோடு வேலை செய்கிறவர்கள்தான், சம்பளமே அதற்குத்தான், ஆனால் மக்களாக இரு என்றதும் வருவது இந்தக் காமெடி டிராக்தான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு மக்கள் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தார். முப்பது வயசு இருக்கும். பெயர் வேண்டாம், அவர் இதைப் படிப்பார். கண்ணகி நகரில் வளர்ந்தவர், அங்கேயே இருக்கிறார், ஒரு சின்ன நிறுவனத்தில் சமூக ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்க அவர் மட்டும் சப்பணமிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் தேன் மாதிரி பதில் சொன்னார். "ஆமா மேடம், தண்ணிதான் மேடம் பெரிய கஷ்டம். நாங்க எல்லாம் ஒத்துமையா இருந்தா மாத்திடலாம் மேடம். ஒரு குழு ஆரம்பிச்சா நல்லா இருக்கும் மேடம்." நான் நாடகத்தை நிறுத்தி, பாருங்கள், பொறுமையாகக் கேட்டால் மக்கள் எவ்வளவு தெளிவாகப் பேசுவார்கள் என்று எல்லோருக்கும் எடுத்துக் காட்டினேன். கைதட்டினார்கள்.

டீ இடைவேளையில் சமோசா தட்டோடு பக்கத்தில் வந்தார். "நான் நடிக்கல மேடம். எங்கம்மா பேசுறத அப்படியே பேசினேன்." நல்லாப் பேசுவாங்களா அம்மா என்றேன், அசட்டுத்தனமாக. "வீட்ல வேற மாதிரி பேசுவாங்க. இது உங்க ஆளுங்க வந்தா பேசுறது."

2000 வாக்கில் நகரத்துக்குள் இருந்த குடிசையிலிருந்து அவர்கள் குடும்பம் கண்ணகி நகருக்கு வந்தபோது அவருக்கு எட்டு வயசு. அதிலிருந்து தொண்டு நிறுவனங்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் மாறி மாறி வந்திருக்கிறார்கள். வரைபடம் போட்டிருக்கிறார்கள், நாட்காட்டி போட்டிருக்கிறார்கள், கொட்டை போட்டிருக்கிறார்கள். மக்களாக அவர் உட்கார்ந்த பி.ஆர்.ஏ. பதினொன்றாம், எண்ணி வைத்திருக்கிறார். முதலாவதில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்களாம். மரத்துக்குப் பச்சைக் கலர் அடித்தது இவர்தானாம், அங்கே அப்போது மரமே கிடையாதாம், ஆனால் கலர் பென்சிலில் பச்சை இருந்ததால் அடித்தாராம். "அந்தப் படம் எங்கயோ ஒரு ஆபீஸ்ல இன்னும் தொங்கும் மேடம்" என்றார், சமோசாவைக் கடித்துக்கொண்டே.

பதினோரு மணி

மறுநாள் களம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்து ஜனங்களைக் கொண்டுபோய் வைத்த எட்டடுக்குக் கட்டடங்கள். வேன் நுங்கம்பாக்கத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சேர மணி பதினொன்று ஆகிவிட்டது, எப்போதும் பதினொன்றுதான் ஆகும். அவர் வேனில் வரவில்லை, வீட்டிலிருந்து நேராக பஸ்ஸில் வந்து கட்டடத்தின் கீழே நின்றார். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டை நாலாக மடித்து என் கையில் வைத்து, "இத இப்பப் பிரிக்காதீங்க மேடம். கொட்ட போட்டு முடிஞ்சதும் பாருங்க" என்றார். விளையாட்டு என்று நினைத்து ஜிப்பில் போட்டுக்கொண்டேன்.

பதினாலு பெண்கள் வந்திருந்தார்கள். ஆறு கார்டு: தண்ணீர், கழிவுநீர், போதை, வேலை, பஸ், லிஃப்ட். ஆளுக்குப் பத்துக் கொட்டை. என் பெரியம்மா வீட்டுக் கொட்டை. பயிற்சிக்கு வந்தவர்கள் நான் சொல்லிக்கொடுத்தபடியே வட்டத்துக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள், நடுவில் பேசவில்லை, குச்சியைக் கொடுத்தார்கள், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அங்க போடுங்க" என்றார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தபோது தண்ணீர் 51, கழிவுநீர் 34, போதை 22, வேலை 17, பஸ் 10, லிஃப்ட் 6. மொத்தம் 140, ஒரு கொட்டைகூட சிதறவில்லை. அதற்கே நான் சந்தோஷப்பட்டேன்.

வேனுக்குப் போகும் வழியில்தான் டிக்கெட் ஞாபகம் வந்தது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில், சின்ன எழுத்தில்: தண்ணி, டிரெயினேஜ், போதை, வேலை, லிஃப்ட், பஸ். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தது.

அவரைத் தேடிப் பிடித்தேன். எப்படி என்று கேட்டேன். அவருக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை, கணக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். "வேன்லயே எழுதியிருக்கே மேடம், குடிநீர், சுகாதாரம்னு. அப்ப முதல் ரெண்டும் அதுதான். தண்ணிக்குப் போட்டா தண்ணி வராதுன்னு அவங்களுக்குத் தெரியும், ஆனா நீங்க திரும்பி வருவீங்க. வந்தா குழு, குழு வந்தா லோன். போதைக்குப் போடலன்னா நீங்க நம்ப மாட்டீங்க, ரொம்பப் போட்டா போலீஸ் வரும். அதனால மூணாவது. வேலை எல்லா இடத்துலயும் நாலாவது." கொஞ்சம் நிறுத்தி, "லிஃப்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் விழும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அவர்மேல் இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அவர்மேல்தான். அத்தனை பேர் முன்னால் அவர் இதைச் சொல்லியிருந்தால் என் பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியது. அவர் சொல்லவில்லை. மடித்துக் கொடுத்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அந்த நாசூக்கை நான் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொன்று, இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்களையும் கண்மாய்களையும் வருஷக்கணக்கில் ஆராய்ந்த டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளர், மேற்கு இந்தியாவில் பழங்குடிகள் வாழும் பகுதிகளில் நடந்த ஒரு வேளாண் திட்டத்தில் ஆலோசகராக இருந்துவிட்டு இதையேதான் எழுதினார்: மக்களின் தேவை என்று வரைபடத்திலும் வரிசையிலும் வருவது, இந்தத் திட்டத்திடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்று மக்கள் போட்ட கணக்கு. பில் குக், உமா கோத்தாரி இருவரும் 2001இல் தொகுத்த புத்தகத்தில் அவர் கட்டுரை இருக்கிறது. பங்கேற்பு என்பதே ஒரு புதிய கொடுங்கோன்மைதானா என்று தலைப்பிலேயே கேட்ட புத்தகம். என் அலமாரியில் உள்ள பிரதியில் அந்தப் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஓரத்தில் "முக்கியம்!" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பயிற்சிகளில் மேற்கோள் காட்டியும் இருக்கிறேன், மூன்றாம் நாள், சாப்பாட்டுக்கு முன்னால், ஐந்து நிமிஷம்.

படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் எல்லாம் சரி, ஆனால் அதில் ஒரு கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. களப்பணியாளருக்கு நாங்கள் கொடுக்கிற பயிற்சி மூன்று நாள். எதிரில் உட்காருகிற அம்மாவுக்கு இருபது வருஷப் பயிற்சி. எந்த வேனுக்கு எந்தப் பதில், எவ்வளவு அழுதால் போதும், எந்த இடத்தில் சிரித்தால் இவர்கள் கிளம்புவார்கள் என்று எல்லாம் அத்துப்படி. எங்கள் கையேட்டில் மக்கள் தயக்கத்தோடு இருப்பார்கள், அவர்களைப் பேச வையுங்கள் என்று எழுதியிருக்கிறது. என்னத்தைச் சொல்ல.

சரி, அப்படியானால் உண்மையான பிரச்சினை என்ன என்று அன்றைக்கே அவரிடம் கேட்டேன். ஏழையின் வாயிலிருந்து ஞானம் வரும் என்று எதிர்பார்க்கிற பழக்கம் விடவில்லை பாருங்கள். "எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் கண்ணகி நகர். இது பெரும்பாக்கம்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட மாதிரி, "காலைல அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நின்னு பாருங்க. தெரிஞ்சாலும் தெரியும்."

பால் டின்

பதினோரு மணிக்குப் போகிற ஆளுக்கு ஐந்து மணி என்பது வேறு ஊர். வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று முன்னே இருந்த இடத்துப் பக்கத்திலேயே வீட்டு வேலை, ஆறரைக்குள் முதல் வீட்டில் பாத்திரத்தில் கை வைத்தாக வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வந்த பதினாலு பேரும் வேலைக்குப் போகாதவர்கள், போக முடியாதவர்கள், அல்லது அன்றைக்கு லீவு போட்டவர்கள். தார்ச்சாலை ஓரத்துக் கிராமத்தையே பார்க்கிறார்கள் என்று சேம்பர்ஸ் சொன்னதை நகரத்துக்கு மாற்றினால் அது கடிகாரத்தில் வந்து நிற்கும். எங்கள் தார்ச்சாலை பதினோரு மணி.

முதல் நாள் போனபோது ஒன்றும் நடக்கவில்லை. கையில் நோட்டு இல்லாவிட்டாலும் என்னைப் பார்த்தாலே சர்வே என்று தெரிந்துவிடுகிறது போல. ஒரு அம்மா நான் கேட்காமலேயே தன் வயசைச் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி போனேன், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு இட்லிக்கடை, கடை என்றால் ஒரு மேஜை, ஒரு குண்டான், இரண்டு தூக்குவாளி. நாலு இட்லி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் தடவைதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். டிங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டிங். பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள் மேஜையைத் தாண்டும்போது கையை நீட்டி எதையோ போட்டுவிட்டுப் போகிறார்கள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்பவுடர் டின். உள்ளே சாவிகள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் ஹேர் கிளிப், ஒன்றில் முருகன் டாலர், ஒன்றில் வெறும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து முடிச்சுப் போட்டது. அன்றைக்கு நான் எண்ணினது ஒன்பது.

"இதெல்லாம் யார் சாவிக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பி.ஆர்.ஏ. செய்கிறோமோ என்று ஒரு நொடி பயமாக இருந்தது. அந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இட்லித் துணியை உரித்துக்கொண்டே சொன்னார். ஆற்றோரத்தில் இருந்தபோது கதவுக்கே பூட்டு கிடையாது, சுற்றிலும் சொந்தக்காரர்கள். இங்கே குலுக்கலில் வீடு விழுந்ததில் அக்கா ஒரு கட்டடம், தங்கச்சி ஒரு கட்டடம், பக்கத்து வீட்டில் யாரென்றே தெரியாது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு பண்ணவே இரண்டு வருஷம் ஆனதாம். கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் கடக்கிற இடத்தில் இருப்பவர் இவர்தான். ஒன்பது மணிக்குக் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றுகிறவர் வேறென்ன செய்வார்? எங்கள் கூட்டத்துக்கு அவர் வராததற்கும் அதுதான் காரணம்.

அவர் வீடு ஆறாவது மாடி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் லிஃப்ட் ஓடினால் மேலே வந்து அவரவர் சாவியை வாங்கிக்கொள்ளும். லிஃப்ட் நின்றுவிட்டால் படிக்கட்டு, படிக்கட்டில் விளக்கு இருக்காது, திருப்பத்தில் கஞ்சா அடிக்கிற பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண் பிள்ளைகளை அதில் ஏறி வரச் சொல்ல முடியாது. அதனால் டின்னைத் தூக்கிக்கொண்டு இவர் கீழே இறங்கி வந்து உட்காருவார். முட்டி வலி அதிகமாகி இறங்க முடியாத அன்றைக்குப் பிள்ளைகள் வாசலிலேயே கிடக்கும், போன் போகும், மயிலாப்பூரில் யாராவது ஒரு அம்மா கைவேலையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறுவார். அப்படி மூன்று தடவை ஓடிவந்த ஒருவருக்கு அந்த வீட்டு வேலையே போய்விட்டதாம். "அதுலேர்ந்து முட்டிக்கு மாத்திர போட்டாவது எறங்கிடுறேன்" என்றார்.

வேலை, பஸ், போதை, லிஃப்ட். எங்கள் ஆறு கார்டில் நாலு கார்டு அந்த ஒரு பால் டின்னுக்குள் கிடந்தது. லிஃப்டுக்கு 6 கொட்டை. அந்தப் பதினாலு பேர் பொய் சொல்லவில்லை, பகலில் வீட்டிலேயே இருப்பவர்களுக்குச் சாவி ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் இதே அக்காவைக் கூட்டத்தில் உட்கார வைத்துக் கையில் பத்துக் கொட்டையைக் கொடுத்திருந்தாலும் அவரும் தண்ணீருக்குத்தான் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். முட்டி வலியை எந்தக் கார்டில் போடுவது?

இதையெல்லாம் அந்தக் குடிநீர் வேன் நிறுவனத்துக்கு ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். அருமையாக இருக்கிறது, ஆனால் திட்டத்தின் வரம்புக்குள் வராது என்றார்கள். வராதுதான். குடிநீருக்கு வாங்கின பணத்தை முட்டிக்குச் செலவு செய்ய முடியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

இப்போது

முதல் நாள் காலையில் குச்சி வித்தையை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி: உங்க வீட்டுச் சாவி இப்ப எங்க இருக்கு? கூடத்தில் இருக்கிற எல்லோரும் பதில் சொல்ல வேண்டும், நான் உட்பட. செருப்பு ஸ்டாண்டில், மீட்டர் பெட்டிக்கு மேல், எதிர் வீட்டு மாமியிடம், யாரிடமும் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கும் ஒரு பையன், ரூமில் நாலு பேருக்கு ஒரே சாவி, கடைசியாக வருகிறவன் கதவைத் தட்டினால் திட்டு விழும் என்றான். ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நாடகம் உண்டு, ஆனால் யாரும் மக்களாக நடிக்கக் கூடாது, நம் வீட்டுக்கு யாராவது சர்வே எடுக்க வந்தால் நாம் என்ன சொல்லி அனுப்புவோம் என்பதை நடித்துக் காட்ட வேண்டும். பிரமாதமாகப் பொய் சொல்கிறார்கள். வருமானக் கேள்வி வந்ததும் ஒவ்வொருவர் முகமும் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. களத்துக்கு இரண்டு தடவை, அதில் ஒன்று விடியற்காலை, கையில் எதுவும் இல்லாமல். டிக்கெட் கொடுத்த பெண் இப்போது என்னோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறார், நான் அதிகமாகப் பேசினால் தொண்டையைச் செருமுவார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மாசம் கழித்து, பயிற்சி முடித்துப் போன ஒரு நிறுவனத்திலிருந்து காலாண்டு அறிக்கை வந்தது. செயல்பாடுகள் அட்டவணையில் ஏழாவது வரிசை: "சாவி வரைபடம் – 6 குடியிருப்புகளில் நிறைவு." ஒருத்தர் விடாமல் கேட்டு எழுதி, சார்ட் பேப்பரில் மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவில் சாவி சாவியாக வரைந்து, போட்டோவும் இணைத்திருந்தார்கள். நான் சிரித்தேனா தலையில் அடித்துக்கொண்டேனா என்று ஞாபகம் இல்லை. கொட்டையும் ஒரு காலத்தில் இப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்திலிருந்து கிளம்பியிருக்கும்.

போன மாசம் இன்னொன்று. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தம்பி, நல்ல பையன், ஆர்வக்கோளாறு, புதிதாகக் குடிவந்த ஒரு கட்டடத்துக்குத் தனியாகப் போய், முதல் நாளே வீடு வீடாகக் கதவைத் தட்டி, பகல்ல வீட்ல யார் இருப்பாங்க, சாவி யார்கிட்ட இருக்கும் என்று கேட்டிருக்கிறான். நாலாவது வீட்டிலேயே பிடித்துவிட்டார்கள். எனக்கு போன் வந்தபோது பின்னால் ஒரே கூச்சல். "மேடம், என்னைத் திருடன்னு நெனச்சுட்டாங்க மேடம்." நியாயம்தானே தம்பி என்றேன். அங்கிருந்த ஒரு பெரியவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, யார், எந்த நிறுவனம், என்ன விஷயம் என்று விளக்கினேன். அவர் நான் சொன்னதை முழுசாக நம்பினதாகத் தெரியவில்லை, ஆனால் கூச்சல் அடங்கியது.

பத்து நிமிஷம் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான், ரகசியக் குரலில். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டார்களாம். இப்போது சுற்றி நின்றுகொண்டு சொந்த ஊர் எது, அம்மா அப்பா என்ன செய்கிறார்கள், வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், ரூமில் கூட இருப்பவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"என்ன பண்ணட்டும் மேடம்?"

"பதில் சொல்லுங்க தம்பி" என்றேன்.